வாய்க்குள் ஒரு பாலம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களே, எங்களை அடித்தும் அணைத்தும் ஆளாக்கிய பேராசிரியப் பெருமக்களே, சங்கத்தின் தலைவர், செயலாளர் அவர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் முன்னாள் மாணவ நண்பர்களே, இன்று அதே பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கையரே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

இப்போது 'வணக்கம்' என்று சொன்னேன் இல்லீங்களா? அதன் முதல் எழுத்தைச் சொல்ல ஒரு பொருள் கட்டாயம் வேண்டும். மேல்வரிசை முன்பல். மேற்பல் கீழ் உதட்டைத் தொட்டால்தான் 'வ' பிறக்கும் என்று நன்னூலே சொல்லியிருக்கிறது. 'தமிழ்' என்பதில் உள்ள 'த'வும் அப்படியே. நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொட வேண்டும். பல் போனால் சொல் போச்சு என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

செயலாளர் எனக்கு போன் செய்து, "பாலம் கட்டுகிற துறையில் இருக்கிறாய், பாலத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசு" என்றார். பேசுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். எந்தப் பாலம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை! 2010இல் இங்கே சிவில் முடித்து வெளியே போனவன் நான். அன்று முதல் நெடுஞ்சாலைப் பாலங்களோடுதான் பிழைப்பு. ஆனால் இன்றைக்கு நான் பேச வந்தது அதைவிடச் சின்னப் பாலம். நீளம் மூன்று சென்டிமீட்டர்கூட இருக்காது. பல் போன இடத்தில் பல் டாக்டர்கள் கட்டுகிற பாலம். நம் ஊரில் 'பல்லு கட்டுறது' என்று சொல்வோமே, அதில் ஒரு வகை. டாக்டர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே 'பிரிட்ஜ்'தான்.

பெயர்கூட நம்முடையதுதான்

போன பல்லுக்கு இரண்டு பக்கமும் இருக்கிற பல்லைச் சுற்றிலும் சீவிச் சிறிதாக்குவார்கள். அவற்றின் மேல் ஆளுக்கொரு உறை, நாம் 'கேப்' என்று சொல்வது, உட்காரும். இரண்டு உறைக்கும் நடுவில் ஒரு செயற்கைப் பல் ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றும் ஒரே வார்ப்பு. அதைச் சிமென்ட் வைத்து ஒட்டிவிடுவார்கள். கழட்டி மாட்டுகிற வேலை இல்லை.

தாங்குகிற பல்லுக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'அபட்மென்ட்'. தாங்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் 'ஸ்பான்'. ஒரு பக்கம் மட்டும் தாங்கினால் 'கான்டிலீவர்'. இதையெல்லாம் கேட்டபோது, நம்ம டிபார்ட்மென்ட் புத்தகத்தைப் பல் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் யாரோ இரவல் வாங்கிப் போய்விட்டார்கள் போலிருக்கிறதே என்று நினைத்தேன். அந்தரத்தில் தொங்கும் நடுப்பல்லுக்கு மட்டும் 'பான்டிக்' என்று தனிப்பெயர். அதுவும் பாலம் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே.

இது புது யோசனையும் இல்லை. இன்றைய இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கன் மக்கள் சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முன்பே தங்கப் பட்டையைப் பக்கத்துப் பற்களில் சுற்றி, நடுவில் பல்லைப் பொருத்தியிருக்கிறார்கள். கல்லறைகளில் அவை கிடைத்திருக்கின்றன.

தூண் இருந்தால் போதும்

பாலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த மிகப் பெரிய பாடம் நம் பாம்பனில் இருக்கிறது. 1914இல் திறந்த அந்தப் பழைய ரயில் பாலத்தை 1964 டிசம்பர் புயல் அடித்தது. கர்டர்களில் பெரும்பாலானவை கடலுக்குள் போய்விட்டன. ஆனால் தூண்கள் பெரும்பாலும் அப்படியே நின்றன. அதனால் ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினீயர் பொறுப்பில் 46 நாளில் பாலத்தைத் திரும்ப நிறுத்திவிட்டார்கள். விழுந்த கர்டர்களில் பலவற்றைக் கடலிலிருந்தே தூக்கி எடுத்து மாட்டினார்கள். பிற்காலத்தில் 'மெட்ரோ மனிதர்' என்று நாடு கொண்டாடிய அதே ஸ்ரீதரன்தான். 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் 1964இன் பாடம் பழசாகவில்லை. கர்டர் போனால் திரும்ப வைக்கலாம். தூண் போயிருந்தால் 46 நாள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வாய்க்குள்ளும் இதே கதைதான். பாலம் கட்டிக்கொள்கிறவர் எல்லோரும் நடுவில் வரப்போகும் பல்லைப் பார்க்கிறார்கள். நிறம் எப்படி, வரிசை எப்படி என்று கண்ணாடியில் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் அந்தப் பல் மேல் விழுகிற பாரம் அந்தப் பல்லோடு நிற்பதில்லை. முழுக்கப் பக்கத்துப் பற்களுக்குப் போகிறது. கடைவாயில் நாம் அழுத்திக் கடித்தால் 50 கிலோவுக்கு மேல் போகும். இதுவரை மூன்று பல் சுமந்ததை இனி இரண்டு பல் சுமக்க வேண்டும். ஆகவே பார்க்க வேண்டியது பாலத்தை அல்ல, தூணை. இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான். மீதி எல்லாம் இதற்கு விளக்கம்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் பீம் வளைத்தது நினைவிருக்கிறதா? ரீடிங்கைப் பக்கத்து பேட்ச் பையனிடம் காப்பியடித்தவர்களுக்கும் இது ஞாபகம் இருக்கும். பீம் எவ்வளவு தொய்கிறது என்பது ஸ்பானின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஒரு பல் போன இடத்தில் பாலம் ஒரு பங்கு தொய்ந்தால், அதே கனத்தில் இரண்டு பல் இடத்துக்கு 8 பங்கு. மூன்று பல் இடத்துக்கு 27 பங்கு. அதே மாதிரி, கனத்தைப் பாதியாக்கினாலும் தொய்வு 8 பங்கு. பீங்கான் தொய்வைத் தாங்காது, விரிந்துவிடும். "மூணு பல்லுதானே போச்சு, ஒரே பாலமாப் போட்டுடுங்க" என்று டாக்டரிடம் சொல்கிறவர்கள் இந்த 27ஐ நினைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தூணின் தாங்குதிறன். 1926இல் ஆன்டே என்ற பல் மருத்துவர் ஒரு விதி சொன்னார். தாங்கும் பற்களின் வேர்ப்பரப்பைக் கூட்டினால், போன பற்களின் வேர்ப்பரப்புக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். நம் பாஷையில் சொன்னால் அஸ்திவாரத்தின் பேரிங் ஏரியா.

ஒரு கணக்கு. என் அம்மாவுக்குக் கீழ்வரிசையில் முதல் கடைவாய்ப்பல் போயிற்று. அதன் வேர்ப்பரப்பு சராசரியாகச் சுமார் 431 சதுர மில்லிமீட்டர். முன்னால் இருக்கும் சிறு கடைவாய்ப்பல்லுக்கு 207. பின்னால் இருக்கும் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு 426. கூட்டினால் 633. தேவை 431, இருப்பது 633. பாஸ்! 2007இல் போட்ட அந்தப் பாலம் இன்றைக்கும் முறுக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

இதைச் சட்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈறு நோயை முழுக்க அடக்கிவைத்தால், இதைவிடக் குறைந்த வேர்ப்பரப்பிலும் பாலங்கள் வருடக்கணக்கில் நின்றதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் முதல் பார்வைக்கு இது நல்ல அளவுகோல்.

மூன்றாவது விஷயம் ஸ்கவர். ஆற்றுப் பாலம் ஏன் விழுகிறது என்று நம் துறையில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். தூணின் அடியில் வெள்ளம் மண்ணை அரித்துக்கொண்டு போய்விடும். மேலே நின்று பார்த்தால் தார் பளபளவென்றிருக்கும், கைப்பிடிச் சுவருக்குப் புது பெயின்ட் அடித்திருக்கும். ஈறு நோய் என்பது பல்லுக்கு ஸ்கவர். வேரைப் பிடித்திருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கீழே இறங்கும். பெரும்பாலும் வலியே இருக்காது. எலும்புக்குள் இருக்கிற வேர் நீளம், வெளியே தெரிகிற பல்லின் உயரத்துக்காவது சமமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதை எக்ஸ்ரே இல்லாமல் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆற்றில் இறங்காமல் தூணுக்குச் சான்றிதழ் கொடுக்க முடியுமா?

எங்கள் வீட்டில் நடந்தது

என் அப்பா தமிழாசிரியர். 2012இல் ஓய்வு பெற்றார். 2013இல் டி.வி.எஸ். 50இல் போகும்போது நாய் குறுக்கே வந்து விழுந்தார். மேல்வரிசை நடுப்பல் இரண்டும் வேரோடு வந்துவிட்டன. கூடியிருந்தவர்கள் சோடா வாங்கி முகத்தைக் கழுவி, ஆட்டோ பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். நல்ல மனிதர்கள். அந்த இரண்டு பல்லும் ரோட்டோரத்திலேயே கிடந்தன. எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு தனியார் கிளினிக்கில் பாலம் கட்டினார்கள். நடுப்பல் இரண்டுக்கும் அடுத்து இருக்கும் பக்கப்பல் இரண்டையும் சீவி, நாலு பல் பாலம். எக்ஸ்ரே எடுக்கவில்லை. ஈறை அளந்து பார்க்கவில்லை. மூன்று சிட்டிங்கில் வேலை முடிந்தது. பார்க்க மிக அழகாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது கணக்கைப் போடுங்கள். நடுப்பல் ஒன்றுக்குச் சுமார் 204. இரண்டுக்கும் 408. பக்கப்பல் ஒன்றுக்கு 179. இரண்டுக்கும் 358. முன்வரிசையில் தாங்க வேண்டியது 408, தாங்குவது 358. அதற்கும் மேல், முன்பல் வரிசை நேர்க்கோடு அல்ல, வில். தாங்கும் இரண்டு பல்லையும் இணைக்கிற கோட்டுக்கு வெளியே நடுப்பல் துருத்திக்கொண்டு நிற்கும். வளைவுப் பாலத்தில் டார்ஷன் வருகிற மாதிரி, ஒவ்வொரு கடியும் அந்தப் பக்கப்பற்களை முறுக்கும். பக்கப்பல் திடமாக இருந்தால் இந்த நாலு பல் பாலம் நின்றுவிடுவதும் உண்டு. ஆனால் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது, ஈறும் ஏற்கெனவே இறங்கியிருந்தது. அதாவது ஸ்கவர் ஆன தூண். பக்கத்திலேயே கோரைப்பல் இருந்தது. வாயிலேயே நீளமான வேர் அதற்குத்தான். அதையும் சேர்த்துக்கொள்வதா, பாலமே வேண்டாமா என்ற பேச்சே அங்கே எழவில்லை.

2016 வாக்கில் வாயில் ஒரு கெட்ட வாடை வருகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். அதே கிளினிக்குக்குப் போனார். ஆட்டிப் பார்த்துவிட்டு, "கெட்டியாத்தான் இருக்கு சார்" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. கெட்டியாகத்தான் இருந்தது, ஒரு முனையில். வலது பக்க உறைக்குள் சிமென்ட் எப்போதோ கரைந்து போயிருக்கிறது. இடது முனை பிடித்துக்கொண்டிருந்ததால் பாலம் விழவில்லை. ஒவ்வொரு தடவை கடிக்கும்போதும் அந்த இடுக்கு பம்பு மாதிரி எச்சிலை உள்ளே இழுத்து வெளியே தள்ளியிருக்கிறது. உறைக்குள் பல் அழுகிக்கொண்டே வந்தது. வேர் சிகிச்சை செய்த பல் என்பதால் வலியும் இல்லை. தனிக் கேப்பாக இருந்திருந்தால் அன்றைக்கே கழன்று விழுந்திருக்கும், பல் தப்பியிருக்கும். விழ வேண்டிய நேரத்தில் விழாமல் இருந்ததுதான் ஆபத்து.

2018இல் ஒருநாள் காலை. கரும்பு கடிக்கவில்லை, சீடை கடிக்கவில்லை. இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலது பக்கப்பல் ஈறோடு முறிந்து பாலம் தொங்கிவிட்டது. வேறு ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இடது பக்கப்பல்லும் ஆடுகிறது, அதையும் எடுக்க வேண்டும் என்றார். இரண்டு பல் போன இடத்தில் இப்போது நாலு பல் இல்லை. விபத்தில் போனது இரண்டு. பாலத்தால் போனது இரண்டு.

அன்றைக்கு மாலை டியூஷனுக்கு வந்த பிள்ளைகளை அப்பா திருப்பி அனுப்பிவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் 'வ'கரமும் 'த'கரமும் சொல்லிக்கொடுத்தவர், வாயைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பல் மருத்துவத்தைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

இரண்டாவது டாக்டர் மூன்று வழி சொன்னார். முதல் வழி, இன்னும் பெரிய பாலம். அதற்குக் கோரைப்பல் இரண்டையும், அதற்கடுத்த பல் இரண்டையும் சீவ வேண்டும். நல்ல பல் நாலு. இரண்டாவது, எலும்பில் டைட்டானியம் திருகை இறக்கும் இம்பிளான்ட். அதற்குச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், எலும்பும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். மூன்றாவது, கழட்டி மாட்டுகிற பல்செட். அப்பா ஒரே கேள்வி கேட்டார். "இதுல எது என் மீதிப் பல்லைத் தொடாது?" பல்செட்டையே எடுத்துக்கொண்டார். இரண்டு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு தினமும் சத்தம் போட்டுப் பேப்பர் வாசித்துப் பழகினார். மூன்றாம் வாரம் டியூஷன் திரும்ப ஆரம்பித்தது.

அப்படியானால் பாலம் வேண்டாமா?

அப்படி நான் சொல்லவில்லை. பாலத்தால் சோறு சாப்பிடுகிறவன் பாலத்தைக் குறை சொல்வேனா? ஒழுங்காகத் திட்டமிட்டுக் கட்டிய பாலங்களில் பத்துக்குச் சுமார் ஒன்பது, 10 ஆண்டைத் தாண்டி நிற்கின்றன. அம்மாவுடையதே சாட்சி. அவருக்கு இரண்டு தாங்கு பல்லில் ஒன்று ஏற்கெனவே பெரிதாக அடைத்த பல். எப்படியும் அதற்கு உறை வேண்டியிருந்தது. அங்கே பாலம் சரியான வைத்தியம்.

ஆனால் இரண்டு பக்கமும் பழுதில்லாத பல் இருக்கும்போது யோசிக்க வேண்டும். முழு உறைக்காகப் பல்லைச் சீவும்போது கடிக்கும் பக்கத்தில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் போகும். வெளியே தெரியும் பல்லில் பாதிக்கு மேல் பொடியாகிவிடும். பல்லின் எனாமல் திரும்ப வளராது. எந்த டெண்டர் போட்டும் அதைத் திரும்ப வாங்க முடியாது. அந்த இடத்தில் இம்பிளான்ட் முதலில் வருகிறது. எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதைச் சுவீடன் நாட்டு பிரோனமார்க் கண்டுபிடித்து, 1965இல் முதல் நோயாளிக்கு வைத்தார். அது தனித்தூண். பக்கத்துப் பல்லின் மேல் பாரம் போடாது.

சிவில் நண்பர்களுக்காக ஒன்று. இம்பிளான்டையும் இயற்கைப் பல்லையும் ஒரே பாலத்தில் இணைக்க டாக்டர்கள் தயங்குவார்கள். ஏன் தெரியுமா? பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் சுமார் 0.2 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சவ்வு இருக்கிறது. கடிக்கும்போது பல் கொஞ்சம் அமுங்கி எழும். இம்பிளான்டுக்கு அந்தச் சவ்வு இல்லை, அநேகமாக அசையாது. ஒரு தூண் இறங்குகிறது, ஒரு தூண் இறங்கவில்லை. டிஃபரன்ஷியல் செட்டில்மென்ட்! தேர்வில் பத்து மார்க் கேள்வி.

மற்ற பிரிவினர் கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்களுக்கும் பங்கு உண்டு. உலோகத்தின் மேல் பீங்கானைச் சுட்டு ஒட்டுகிறார்களே, அந்த உலோகம் குளிரும்போது பீங்கானைவிடச் சற்றே அதிகம் சுருங்கும்படி தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் பீங்கான் எப்போதும் அமுக்கத்தில் இருக்கும், எளிதில் விரியாது. நம் பிரிஸ்டிரஸ்டு கான்கிரீட்டின் அதே தந்திரம். மெட்டலர்ஜிக்காரர்களுக்கு சிர்கோனியா. விரிசல் வரும் இடத்தில் அதன் படிக அமைப்பு மாறிச் சற்று உப்பி, விரிசலை அதுவே நெருக்கி நிறுத்தும். கம்ப்யூட்டர் நண்பர்கள் வாயை ஸ்கேன் செய்து, திரையில் பல்லை வரைந்து, மில்லிங் மிஷினில் செதுக்குகிறார்கள். வேர் சிகிச்சையில் எம்.டி.ஏ. என்று ஒரு பொருள் பயன்படுகிறது. அதன் அடிப்படை நம் போர்ட்லண்டு சிமென்ட்தான்! கொத்தனாரிடம் சொன்னால் நம்ப மாட்டார்.

இதெல்லாம் எவ்வளவு முன்னேறினாலும், தூண் பழைய தூண்தான். அதே பல், அதே ஈறு, அதே எலும்பு.

கேட்க வேண்டிய கேள்விகள்

நம்மில் பலருக்கு நாற்பது தாண்டிவிட்டது, தாண்டப் போகிறது. கையெழுத்துப் போடுகிற பதவிக்கு வந்துவிட்டோம். ஆயிரம் டிராயிங்கில் கேள்வி கேட்கிற நாம், பல் டாக்டர் நாற்காலியில் சாய்ந்தவுடன் வாயைத் திறக்கிறோமே தவிர, வாய் திறந்து கேட்பதில்லை. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: தாங்கப்போகும் பற்களுக்கு எக்ஸ்ரே எடுத்தீர்களா? எலும்பு எவ்வளவு இருக்கிறது?

இரண்டு: ஈறு நோய் இருக்கிறதா? இருந்தால் பாலத்துக்கு முன் அதற்கு வைத்தியம் எப்போது?

மூன்று: எந்தப் பல்லைச் சீவப் போகிறீர்கள்? அது நல்ல பல்லா, ஏற்கெனவே அடைத்த பல்லா?

நான்கு: பாலம் இல்லாமல் வேறு வழி என்ன? ஒன்றும் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?

கடைசிக் கேள்வி முக்கியம். பல் போன இடத்தை விட்டுவிட்டால் பக்கத்துப் பல் அதை நோக்கிச் சாயலாம், எதிர்ப்பல் இறங்கலாம். ஆனால் எல்லா இடத்துக்கும் பல் கட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. ஞானப்பல் போனால் யாரும் கட்டுவதில்லை. கடைசிக் கடைவாய்ப்பல் போனாலும் பலருக்கு அப்படியே விட்டுவிடலாம்.

ஐந்து: பாலத்துக்கு அடியில் எப்படிச் சுத்தம் செய்வது? செய்து காட்டுங்கள்.

அம்மாவுக்கு அந்த டாக்டர் முதல் நாளே செய்து காட்டினார். தொங்கும் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் நூலை ஊசி கோப்பது போல் நுழைத்து இழுக்க வேண்டும். அதற்கென்றே முனை விறைப்பான நூல் கடையில் கிடைக்கிறது, சின்ன பிரஷ்ஷும் கிடைக்கிறது. தினமும் இரவு, சீரியல் முடிந்ததும் அந்த வேலைதான். நம் துறையில் மழைக்கு முன்னும் பின்னும் பாலத்தைப் போய்ப் பார்க்கிறோம். வாய்க்குள் மழைக்காலம் தினமும் மூன்று வேளை வருகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது டாக்டரிடம் காட்டுங்கள். வாடை வந்தாலோ, கடிக்கும்போது உப்புக் கரித்தாலோ, ஒரு முனையை அழுத்தினால் ஓரத்தில் எச்சில் குமிழி வந்தாலோ உடனே போங்கள். 'கெட்டியாத்தான் இருக்கு' என்று சொன்னால், இரண்டு முனையும் கெட்டியா என்று கேளுங்கள்.

இன்னொரு விஷயம். சந்தையோரம், பஸ் ஸ்டாண்டு பக்கம் உட்கார்ந்து சில நிமிடத்தில் பல் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்துப் பல்லில் கம்பியைச் சுற்றி, பிளாஸ்டிக் மாவை வாயிலேயே இறுக வைத்து ஒட்டிவிடுவார்கள். அதற்கு அடியில் சுத்தம் செய்யவே முடியாது. ஈறு வெந்து, இரண்டு பக்கப் பல்லும் ஆட ஆரம்பிக்கும். சைட்டில் வேலை செய்யும் நம் தொழிலாளர்களில் பலர் அங்கேதான் போகிறார்கள், காசு குறைவு என்பதால். அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர்களில் அவர்களுக்கு வழி காட்டுங்கள். ஒரு நாள் கூலியோடு லீவு கொடுத்து அனுப்புங்கள். அது நம்மால் முடிகிற காரியம்.

தம்பி தங்கையருக்கு

உங்களுக்கு இரண்டே வார்த்தை. கிரிக்கெட் பந்தோ, பைக்கோ, ஹாஸ்டல் படிக்கட்டோ, ஒரு பல் வேரோடு வந்துவிட்டால் அதைத் தேடி எடுங்கள். வேரைத் தொடாமல் தலைப்பக்கம் பிடித்து எடுங்கள். அழுக்கிருந்தால் சில விநாடி அலசுங்கள், தேய்க்காதீர்கள். முடிந்தால் அதே குழியில் திரும்ப வையுங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓடுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. டீக்கடையில் பால் கிடைக்காத ஊர் தமிழ்நாட்டில் இல்லை.

இரண்டாவது, சின்ன வயதில் முன்பல் போனால் அவசரப்பட்டு நல்ல பல்லைச் சீவ விடாதீர்கள். இளம் வயதில் பல்லின் உள்ளே நரம்புக் கூடம் பெரிதாக இருக்கும், சீவினால் அதற்கு ஆபத்து. பக்கத்துப் பல்லின் பின்புறத்தில் சின்ன இறக்கை வைத்துப் பசையால் ஒட்டுகிற 'மேரிலாண்டு பிரிட்ஜ்' என்று ஒரு வகை இருக்கிறது. அமெரிக்காவில் மேரிலாண்டு பல்கலைக்கழகத்தில் வளர்ந்த முறை என்பதால் அந்தப் பெயர். பல்லை அநேகமாகத் தொடுவதில்லை. கழன்று வந்தாலும் தூணுக்குச் சேதமில்லை, திரும்ப ஒட்டலாம். கேட்டுப் பாருங்கள்.

புகையிலை, பான் மசாலா பற்றி நான் உபதேசம் செய்யவில்லை. ஸ்கவர் என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

நண்பர்களே, வெளியே பந்தி தயாராகிவிட்டது என்று செயலாளர் கண் ஜாடை காட்டுகிறார். வடை மொறுமொறுவென்று இருக்கிறதாம். உங்கள் எல்லோருடைய தூண்களும் பல்லாண்டு நிற்கட்டும் என்று வாழ்த்தி அமர்கிறேன்.